மயில்துத்தம் கரைத்த நாள்

நாங்கள் இப்போது இருக்கிற அடுக்ககத்தில் ஒரு நீச்சல் குளம் உண்டு. அதில் நீந்துகிறவர்களைவிட அதைச் சுற்றி நடக்கிறவர்கள்தான் அதிகம். நானும் நடக்கிற கட்சி. சென்ற வாரம் ஒரு காலையில், பராமரிப்புக்கு வருகிறவர் குளத்தின் விளிம்பில் குந்தியபடி ஒரு பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து நீலக் கற்களை அள்ளித் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார். பாசி பிடிக்காமல் இருக்கவாம். ‘என்னங்க அது?’ என்றேன். ‘கெமிக்கல் சார்’ என்றார். அவ்வளவுதான். பல வருடம் ஒன்றாக வேலை பார்த்த ஒருவரை யாரோ ‘ஒரு ஆள்’ என்று மட்டும் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது எனக்கு. அது மயில்துத்தம் ஐயா, காப்பர் சல்ஃபேட், மயில் கழுத்து நிறத்தில் இருப்பதால் அந்தப் பெயர் என்றெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அவர் ஏற்கெனவே டப்பாவை மூடிவிட்டார்.

வேதியியல் பட்டப்படிப்பில் மூன்றாம் வகுப்பில் தேறிய எனக்கு முதலில் கிடைத்த வேலை, கள்ளக்குறிச்சியில் ஜாபர் பாயின் பூச்சி மருந்துக் கடையில். உரம், விதை, தெளிப்பான், மருந்து எல்லாம் உண்டு. மருந்து என்றால் எங்கள் பக்கம் பயிருக்கு அடிப்பதுதான். மனிதர் சாப்பிடுவது மாத்திரை. அந்தக் கடையின் வாசனையை எப்படிச் சொல்ல? வேப்பம்புண்ணாக்கும் கந்தகமும் மண்ணெண்ணெயும் அழுகிய பூண்டும் சேர்ந்து ஒரு அறையில் குடியிருந்தால் எப்படியோ அப்படி. சனிக்கிழமை மணலூர்பேட்டையில் இருந்த எங்கள் வீட்டுக்குப் போக பஸ் ஏறினால், பக்கத்தில் உட்கார்ந்தவர் இரண்டு நிறுத்தம் தாக்குப்பிடிப்பார், பிறகு எழுந்து படிக்கட்டுக்குப் போய்விடுவார். கூட்டம் பிதுங்கும் அந்தத் தடத்தில் எனக்கு அது ஒரு வசதியாகவே இருந்தது.

விவசாயிகள் இலையையோ தண்டையோ துண்டில் முடிந்து எடுத்துவந்து மேசைமேல் கொட்டுவார்கள். நான் அதைப் பார்த்துவிட்டு மருந்து சொல்ல வேண்டும். ‘பாய் கடையில ஒரு டாக்டர் கீறாரு’ என்று பேச்சு பரவியது. பாய் அதை மறுக்கவில்லை. டாக்டரின் லட்சணம் எனக்கும் பாய்க்கும் மட்டும் தெரியும். பெரும்பாலும் கரும்பும் நெல்லும் மரவள்ளியும்தான் வரும். அவற்றின் நோய்களை ஒரு மாதத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். எலுமிச்சை, சாத்துக்குடி வைத்திருந்தவர்கள் சிலர்தான். அவர்கள் வரும்போது எனக்கு உற்சாகம் வந்துவிடும். அந்தச் செடியைத் தின்ன வருகிற ஜீவன்களின் சாமர்த்தியம் அப்படி. இளம் இலையில் வெள்ளிக் கோடு கிழித்தபடி உள்ளேயே சுரங்கம் போகும் ஒரு புழு. பறவை எச்சம் மாதிரியே வேஷம் போட்டு இலைமேல் கிடக்கும் இன்னொரு புழு; குச்சியால் தொட்டால் தலையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டி நாற்றம் விடும். அதுதான் பிறகு அழகான வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கும். கொல்லச் சொல்லி மருந்து கொடுத்துவிட்டு, கடை வாசலில் அதே வண்ணத்துப்பூச்சி பறந்தால் வேடிக்கை பார்ப்பேன்.

கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் யாரோ ஒரு அதிகாரி அவகாடோ எனப்படும் பட்டர் பழ மரக்கன்றுகளைக் கொடுத்துப் போனதாகவும், காய்த்த பழத்தை எப்படித் தின்பது என்று தெரியாமல் மாட்டுக்குப் போட்டதாகவும் மலையிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். மாடும் யோசித்ததாம். பிறகு மரங்களும் வேரழுகிச் செத்தன. மழைத் தண்ணீர் தேங்கினால் அந்த மரமும் சரி, சாத்துக்குடியும் சரி, தாங்காது. அப்போது அதைக் கேட்டுச் சிரித்தேன். கொஞ்ச நாளில் அதே வியாதியோடு அஞ்சலை அக்கா வந்தார்.

கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்தில் அவர்களுக்குச் சாத்துக்குடித் தோட்டம் இருந்தது. வழக்கமாக அவர் கணவர் கோவிந்தன்தான் கடைக்கு வருவார். மருந்தடிப்பது அவர் வேலை, தண்ணீர் பாய்ச்சுவது அக்காவின் வேலை. அந்த முறை அக்காவே பஸ்ஸில் வந்து, ஒரு தூக்குவாளியைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தார். மரப்பட்டைத் துண்டுகள். அவற்றில் தேன் நிறத்தில் பிசின் உறைந்திருந்தது.

‘அடிமரத்துல கோந்து மாதிரி வடியுது தம்பி. எல பழுத்துக் கொட்டுது. இன்னா நோவுன்னு பாரு.’

‘தண்ணி எப்டிக்கா வுடுறீங்க?’

‘எப்டி வுடுவாங்க? மடைய வெட்டி வுட்டா ஒரு மரத்துலேர்ந்து இன்னொரு மரத்துக்குப் போய்க்கினே இருக்கும்.’

‘அடிமரத்துல தண்ணி நிக்குதா?’

‘நின்னாத்தான மரம் குடிக்கும்?’

அங்கேதான் சிக்கல். மரம் குடிப்பது அடியில் அல்ல, கிளைகளின் நிழல் விழும் விளிம்பில். அடிமரத்தில் தண்ணீர் நின்றால் பட்டையில் பூஞ்சை ஏறும். பட்டை அழுகிப் பிசினாக வடியும். அதே தண்ணீர் அடுத்த மரத்துக்கு ஓடினால் நோயையும் கூட்டிக்கொண்டு போகும். அடிமரத்தைச் சுற்றி மண்ணை அணைத்து மேடாக்க வேண்டும், தள்ளி வட்டமாகப் பாத்தி எடுக்க வேண்டும், ஒவ்வொரு வட்டத்துக்கும் தனி வாய்க்கால் வேண்டும். அழுகிய பட்டையைச் செதுக்கிவிட்டு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பசையைப் பூச வேண்டும். இவ்வளவையும் ஒரு துண்டறிக்கையில் படித்தபடியே சொன்னேன். அக்கா கவனமாகக் கேட்டார். கடையில் மயில்துத்தம் தீர்ந்திருந்தது. அடுத்த லோடு வந்ததும் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னோம்.

லோடு வந்தது. பஸ் நின்றுவிட்டது.

படிப்பிலும் வேலையிலும் தங்கள் சாதிக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று வட மாவட்டங்களில் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. அதன் நியாயத்தையும் இழப்பையும் எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது ஒரு தோட்டத்தின் கதை. சாலை மறியல் தொடங்கியதும் சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, பேப்பர் இல்லை. கள்ளக்குறிச்சிக் கடைவீதி முழுக்க ஷட்டர் இறங்கிக் கிடந்தது. நான் மணலூர்பேட்டைக்குப் போக வழியில்லாமல், பாய் வீட்டு மாடி அறையில் கிடந்தேன்.

ஒரு முற்பகலில் கீழே கதவு தட்டும் சத்தம். எட்டிப் பார்த்தால் அஞ்சலை அக்கா நின்றுகொண்டிருந்தார். கால் முழுக்கப் புழுதி.

‘மயில்துத்தம் வந்துச்சா பாய்?’

‘வந்துச்சும்மா. கடையும் சாத்திக் கெடக்கு, ரோடும் சாத்திக் கெடக்கு. நீ எப்டி வந்தே?’

‘நடந்துதான்.’

‘இவ்ளோ தூரமா?’

‘மரம் நடந்து வராதே பாய்.’

மறியலில் உட்கார்ந்த கோவிந்தனைப் போலீஸ் வேனில் ஏற்றிப் போய்விட்டார்கள். கடலூர் ஜெயிலில் இருப்பதாகத் தகவல். ‘ரெண்டு நாளா மழ வேற. மோட்டுத் தோட்டத்துத் தண்ணியும் எங்க தோட்டத்துலதான் வந்து நிக்குது. ஒரு வரிச பூரா பழுத்துப்போச்சு பாய்’ என்றார் அக்கா. அழவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

பாய் கடையின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து ஒரு சாக்கில் மயில்துத்தத்தையும் இன்னொன்றில் சுண்ணாம்பையும் கட்டிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். ‘சைக்கிள எடுத்துக்கினு கூடப் போய்ட்டு வா. கலக்கத் தெரியாம கலந்தா மரம் எரிஞ்சிபூடும்.’ நான் வீரத்தோடு கிளம்பினேன் என்று நீங்கள் நினைத்தால் மறுக்க மனமில்லை. ஆனால் அந்த அறையில் இன்னொரு நாள் கிடந்திருந்தால் கூரை ஓடுகளை எண்ணி முடித்து உத்திரத்தை எண்ணத் தொடங்கியிருப்பேன்.

சாலை வினோதமாக இருந்தது. வண்டிச் சத்தம் இல்லாததால் மைனாக்கள் நடுச்சாலையில் நடந்தன. சாய்ந்து கிடந்த மரங்களில் புளியம்பிஞ்சு இன்னும் வாடவில்லை. ஒவ்வொரு மரத்தடியிலும் ஆட்கள். முதலில் எதிர்ப்பட்டவர்கள் அக்காவைப் பார்த்ததும் சைக்கிளைத் தூக்கி மறுபக்கம் வைத்துக்கூட உதவினார்கள். கச்சிராயபாளையத்துக்கு முன்னால் இருந்த ஒரு பாலத்தருகே நின்றவர்களுக்கு அக்காவைத் தெரியவில்லை. அந்தப் பக்கம் ஒரு வதந்தி உலவிக்கொண்டிருந்தது, கிணறுகளில் யாரோ விஷம் கலக்கிறார்கள் என்று. அது எங்களுக்குத் தெரியாது.

‘இன்னா மூட்ட?’ என்றான் அரிவாள் வைத்திருந்த ஒரு வாலிபன். வேலு என்று மற்றவர்கள் கூப்பிட்டார்கள்.

‘தோட்டத்து மருந்துங்க.’

‘அவுரு.’

அவிழ்த்தேன். வெயிலில் அந்த நீலம் பளபளத்தது.

‘இது இன்னாது? வெசமா?’

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மூன்றாம் வகுப்பு வாங்கிய என் வேதியியல், முதல் வகுப்பு வாங்க அந்த நிமிடத்தைத்தான் தேர்ந்தெடுத்தது. ‘விஷம்தாங்க. ஆனா பூஞ்சைக்கு’ என்றேன். பின்பாதி யார் காதிலும் விழவில்லை. ‘டேய், இதான்டா அது!’ என்று யாரோ கத்தினார்கள். என் சட்டைக் காலரை ஒரு கை பிடித்தது. இன்னொருவன் சாக்கைத் தூக்கிப் பாலத்துக்கடியில் ஓடிய தண்ணீரில் கொட்டப் போனான். நான் சைக்கிளைப் பிடித்தபடியே நின்றேன்.

அஞ்சலை அக்கா அவன் கையிலிருந்து சாக்கைப் பிடுங்கித் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

‘கொட்டறதுன்னா என்னையும் சேத்துக் கொட்டு. எங்க வூட்டுக்காரரு இதே மாரி ரோட்டுல குந்திதான் ஜெயிலுக்குப் போய்க்கிறாரு. வந்து மரம் எங்கடின்னு கேட்டா, நீ வந்து பதில் சொல்லுவியா?’

கூட்டத்தில் வயதான ஒருவர், ‘ஊரு பேரச் சொல்லும்மா’ என்று கேட்டார். அக்கா சொன்னார். கோவிந்தன் பெயரைச் சொன்னதும் சிலர் முகம் மாறியது. ‘அது சரிதான் யக்கா. ஆனா இது எங்க போவுதுன்னு தெரியணுமில்ல?’ என்றான் வேலு.

‘கூட வா. கண்ணால பாத்துக்கினு போ.’

வேலுவும் இன்னொருவனும் வந்தார்கள். என் காலரைப் பிடித்தவன்தான் அந்த இன்னொருவன், பெயர் குமார். வழியில் சாக்கைச் சைக்கிளில் சரியாகக் கட்டுவதற்குக் கயிறு கொடுத்தான். நான் நன்றி சொன்னேன். கொஞ்ச நேரத்துக்கு முன் நடந்ததை இருவரும் மறந்துவிட்ட மாதிரி நடந்தோம்.

தோட்டத்தின் மேட்டுப் பக்கம் பரமசிவம் என்பவருடையது. அவரும் சாத்துக்குடிதான் வைத்திருந்தார். வேறு சாதி. இரண்டு தோட்டத்துக்கும் பொதுக் கிணறு, முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். முன்பெல்லாம் ஒருவர் முறை முடிந்ததும் வரப்பில் நின்று குரல் கொடுப்பாராம். போராட்டம் தொடங்கியதிலிருந்து அந்தக் குரல் நின்றுவிட்டது. மோட்டார் சத்தம் நின்றால் மற்றவர் போய்ப் போட்டுக்கொள்வார். பொது வரப்பில் ஒரு வடிகால் வெட்டினால் மேட்டுத் தண்ணீர் ஓடைக்குப் போய்விடும். கேட்கப் போக அக்காவுக்கு மனமில்லை, அவருக்கும் சொல்ல மனமில்லை.

நாங்கள் போனபோது பரமசிவம் தன் வீட்டு வாசலில் நின்றிருந்தார். அரிவாளோடு வந்த இரண்டு வாலிபர்களைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் போடும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

அக்கா வெந்நீர் வைத்தார். குமார் இரும்பு வாளியைத் தூக்கிவந்தான். இரும்பில் மயில்துத்தம் கரைக்கக் கூடாது, வாளியைத் தின்றுவிடும். மண்பானைகள் வந்தன. ஒரு பானையில் நீலம் கரைந்தது, இன்னொன்றில் சுண்ணாம்பு நீறிக் கொதித்தது. இரண்டையும் மூன்றாவது பானையில் சேர்த்து ஊற்றியபோது வான நிறத்தில் கெட்டியாக ஒரு கலவை திரண்டது. எனக்கு அதில் உள்ளூரப் பெருமை. கல்லூரி ஆய்வகத்தில் ஒருமுறைகூட எனக்குச் சரியான நிறம் வந்ததில்லை.

‘அரிவாளக் கொஞ்சம் குடுங்க’ என்றேன். வேலு தயங்கிக் கொடுத்தான். பானையில் முக்கிக் கொஞ்சம் பொறுத்து எடுத்தேன். விளிம்பு செக்கச்செவேல் என்று இருந்தது.

‘ஐயோ, இன்னாடா இது, ரத்தம் மாரி!’ என்று வேலு இரண்டடி பின்னால் போனான். புளியமரங்களை வெட்டிய அரிவாள் அது. அவன் மனத்தில் என்ன ஓடியதோ. வாங்கித் துண்டால் துடைத்தான். போகவில்லை.

‘செம்புங்க. சுண்ணாம்பு கம்மியா இருந்தா இரும்புல செம்பு படியும். இப்டியே பூசினா மரம் வெந்துடும்.’

இன்னும் சுண்ணாம்பு சேர்த்தோம். மறுபடி முக்கினோம். இம்முறை வேலுவே மண்ணில் தேய்த்துச் சுத்தம் செய்து, தானே முக்கி, தானே எடுத்துப் பார்த்தான். கொஞ்சம் சிவப்பு. இன்னும் சுண்ணாம்பு. கடைசியில் அரிவாள் இரும்பு நிறத்திலேயே வெளியே வந்தது. ‘இப்ப சரி’ என்றான், ஏதோ அவன்தான் டாக்டர் மாதிரி. அதன்பிறகு அவர்கள் காவலுக்கு வந்ததாகவே தெரியவில்லை. அக்கா பட்டையைச் செதுக்கிக்கொண்டே முன்னால் போக, நாங்கள் மூவரும் தென்னைமட்டையை நசுக்கிச் செய்த தூரிகையால் பூசிக்கொண்டே பின்னால் போனோம். நிஜமாகவே கெட்டுப்போயிருந்த மரங்களில் பட்டையடியில் ஈரமும் புளித்த வாடையும் இருந்தன. ஓடையோர வரிசையில் சில மரங்களை அக்கா தொட்டுப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போய்விட்டார். அவற்றுக்குப் பூசச் சொல்லவில்லை.

வெயில் சாயும்போது வேலை முடிந்தது. ஒரு பானையில் பாதிக்கு மேல் கலவை மிச்சம். ‘நாளைக்கு வெச்சிக்கலாமா?’ என்று அக்கா கேட்டார். ஆகாது, அன்றன்று கலந்ததை அன்றே பூசினால்தான் உண்டு என்றேன். அக்கா பானையைப் பார்த்தார். பிறகு மேட்டுப் பக்கம் பார்த்தார். அங்கே முன்வரிசை மரங்களிலும் பிசின் வடிந்தது இங்கிருந்தே தெரிந்தது.

‘வேலு, இத அங்க எடுத்துக்கினு போயி பூசிட்டு வாங்கப்பா.’

‘அவங்க வூட்டுக்கா?’

‘வூட்டுக்கு இல்ல. மரத்துக்கு.’

வேலு நின்றான். குமார் அவன் முகத்தைப் பார்த்தான். ‘நோவு அங்க இருந்தா நாளைக்கி தண்ணியில இங்கதான வரும்?’ என்றார் அக்கா. அது கணக்கா கருணையா என்று நான் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். அக்காவுக்கு அந்தக் கேள்வியே வந்திருக்காது. இருவரும் பானையைத் தூக்கினார்கள். வரப்பில் ஏறப் போகும்போது அக்கா மறுபடி கூப்பிட்டார். ‘அரிவாள இங்கியே வெச்சிட்டுப் போங்க. உள்ள கொழந்தைங்க கீது.’

வைத்துவிட்டுப் போனார்கள். முதல் மரத்துக்குப் பூசத் தொடங்கியபோது பரமசிவம் வீட்டு ஜன்னல் திறந்தது. இரண்டாவது மரத்தின்போது கதவு திறந்தது. அவர் வெளியே வந்து, தள்ளியே நின்று, வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு சூரிக்கத்தியோடு திரும்பினார். அவர் நேராக மூன்றாவது மரத்தடியில் குந்திப் பட்டையைச் செதுக்க ஆரம்பித்தார். அவர் செதுக்க, அவர்கள் பூச, பானை காலியாகும்வரை வேலை நடந்தது. ஒரு வார்த்தை பேச்சில்லை.

பஸ் ஓடத் தொடங்கியபின் அக்கா கடைக்கு வந்தபோது ஒரு விஷயம் சொன்னார். மறுநாள் காலை எழுந்து போய்ப் பார்த்தால் பொது வரப்பில் மேட்டுப் பக்கத்திலிருந்து பாதி தூரம் வடிகால் வெட்டியிருந்ததாம். மீதிப் பாதியை அக்கா வெட்டி ஓடையோடு சேர்த்தாராம்.

‘அப்ப பேசிக்கினீங்களா அக்கா?’

‘இன்னா பேசறது? தண்ணி போவுது.’

கோவிந்தன் விடுதலையாகி வந்ததும் நேராகக் கடைக்கு வந்தார். ‘அந்த வூட்டு மரத்துக்கு ஏம்பா நம்ம மருந்து?’ என்று என்னிடம் கோபமாகக் கேட்டார். நான் பாயைப் பார்த்தேன். பாய் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோவிந்தன் பதிலுக்குக் காத்திராமல் இன்னொரு பங்கு மயில்துத்தம் கட்டச் சொல்லி வாங்கிப் போனார். ஓடையோர வரிசை முழுக்கப் பட்டுப்போனது. மற்றவை பிழைத்தன. இரண்டு வருடம் கழித்து நல்ல காய்ப்பு என்று ஒரு கூடை கடைக்கு வந்தது. புளிப்பு வாசமே ஆகாத பாய் மூக்கைத் திருப்பியபடி ஒரு சுளை தின்றார். வேலுவை நான் பிறகு பார்த்ததில்லை. ரிஷிவந்தியம் பக்கம் பெண் எடுத்து அங்கேயே போய்விட்டதாக யாரோ சொன்னார்கள்.

நான் சென்னைக்கு வந்து வேறு வேலைகளுக்கு மாறிவிட்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணத்துக்காகக் கச்சிராயபாளையம் போனவன், மலையடிவாரம்வரை போய்ப் பார்த்தேன். இரண்டு தோட்டமும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் மரவள்ளி. பக்கத்தில் போட்ட ஆழ்துளைக் கிணறுகளால் பொதுக் கிணறு வற்றி, மரங்கள் தண்ணீரில்லாமல் போயினவாம். கிணற்றையும் மூடிச் சமன் செய்துவிட்டார்கள். அக்காவும் கோவிந்தனும் காலமாகி நாளாயிற்று. பரமசிவத்தின் பிள்ளைகள் நிலத்தை விற்றுவிட்டுத் தியாகதுருகத்தில் கடை வைத்திருக்கிறார்கள். கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த ஒருவரிடம், இங்கே சாத்துக்குடித் தோட்டம் இருந்தது தெரியுமா என்று கேட்டேன். ‘இங்கியா? சாத்துக்குடியா?’ என்று சிரித்தார்.

முன்பெல்லாம் அந்த மரங்கள் பூக்கும் பருவத்தில், பஸ் தோட்டத்துக்குப் பக்கத்துச் சாலை வளைவில் திரும்பியதும் வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வரும். தூங்கி வழிகிறவர்கள் தாமாகவே விழித்து, மூட்டையை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு நகர்வார்கள். கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணத்துக்குப் போன அன்று நான் ஊர் திரும்பிய பஸ்ஸும் அந்த வளைவில் திரும்பியது. ஜன்னலோரம் இருந்த ஒரு பெரியவர் தூங்கிக்கொண்டே இருந்தார். கண்டக்டர் வந்து தோளைத் தட்டி எழுப்பி, ஊர்ப் பெயரை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.